ஒரே இரவில் மூன்று பெண்கள்! வேலூர் டாக்டர் ஐடா அம்மையாரின் வரலாறு

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு வீட்டில் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டால் இன்று என்ன செய்கிறார்கள்?

வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். வண்டி வருகிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே பிரசவம் பார்க்கப் பெண் டாக்டர் இருக்கிறார். கையைப் பிடித்துத் தைரியம் சொல்ல நர்சு இருக்கிறார். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்புகிறார்கள்.

இது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் நம் பாட்டியின் பாட்டி காலத்தில் இப்படி இல்லை. அப்போது பிரசவம் என்பது மறுபிறப்பு. பிழைத்து வந்தால் உண்டு!

அந்த நிலையை மாற்றப் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் அவர்தான். ஆனால் அவர் டாக்டர் ஆனதற்குக் காரணமான சம்பவம் நடந்தது வேலூரில் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் திண்டிவனத்தில்!

பஞ்சத்தில் பார்த்த முகங்கள்

ஐடா பிறந்தது ராணிப்பேட்டையில். 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. அப்பா டாக்டர் ஜான் ஸ்கடர். அமெரிக்காவில் இருந்து வந்த பாதிரியார் குடும்பம் அது. ஐடாவின் தாத்தாவும் டாக்டர்தான். அந்தக் குடும்பத்தில் பலர் தென்னாட்டிலேயே வாழ்ந்து, வைத்தியம் பார்த்து, இங்கேயே மண்ணானவர்கள்.

ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-ம் ஆண்டு முதல் 1878-ம் ஆண்டு வரை தென்னாடு முழுவதையும் சூறையாடிய பஞ்சம் அது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். பசியால் வாடிய குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவர்களுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும் வேலை ஐடாவுக்கு. சில குழந்தைகளுக்கு ரொட்டியை வாயில் வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை. சிறுமியின் மனத்தில் அந்த முகங்கள் பதிந்துவிட்டன.

அதன் பிறகு பெற்றோர் அவளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, அங்கே படிக்க விட்டார்கள்.

அமெரிக்காவில் ஐடா உல்லாசமாக வளர்ந்தாள். நல்ல அழகி. சிரித்த முகம். தோழிகள் ஏராளம். தன் குடும்பத்தார் செய்த வேலை தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். வெயில், தூசி, பஞ்சம், நோய் நிறைந்த நாட்டில் ஏன் வாழ வேண்டும்? நல்ல இடத்தில் கலியாணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே சுகமாக இருக்க வேண்டும். அதுதான் அவள் ஆசை.

1890-ம் ஆண்டில் ஒரு செய்தி வந்தது. திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடல் நலம் இல்லை. உதவிக்கு மகள் வர வேண்டும். ஐடா கப்பல் ஏறினாள். அம்மா குணமானதும் திரும்பிவிடுவது என்பது அவள் தீர்மானம்.

கதவு தட்டப்பட்டது

திண்டிவனத்தில் ஒருநாள் இரவு. ஐடா விளக்கடியில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய மனைவி சின்னஞ்சிறு பெண். முதல் பிரசவம். பிள்ளை பிறக்காமல் துடித்துக்கொண்டிருக்கிறாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று அவர் மன்றாடினார்.

ஐடா திகைத்தாள். தான் டாக்டர் அல்ல, தன் அப்பாதான் டாக்டர், அவரை உடனே அழைத்து வருகிறேன் என்றாள்.

வந்தவர் பின்வாங்கினார். அந்நிய ஆண்பிள்ளை தம் மனைவியைப் பார்க்கக் கூடாது; அது தங்கள் வழக்கத்துக்கு விரோதம் என்றார். அப்பாவுடன் தானும் வருவதாக ஐடா சொல்லிப் பார்த்தாள். அவர் ஒப்பவில்லை. தலை குனிந்து இருட்டில் நடந்து போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இப்போது வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் பிரசவ ஆபத்து. அவரும் பெண் வர வேண்டும் என்றார். ஆண் டாக்டர் என்றதும் அவரும் திரும்பிவிட்டார்.

மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது! இன்னோர் இந்து. அதே கதை. அதே கண்ணீர். அதே மறுப்பு.

அவர்கள் மூவரும் கல்நெஞ்சர்கள் அல்ல. மனைவி பிழைக்க வேண்டும் என்றுதான் நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம், அவர்களுடைய அன்பைவிடப் பலமாக இருந்தது. உயிர் போனாலும் வழக்கம் போகக் கூடாது! அந்த வழக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? வழக்கத்தை உண்டாக்கிய ஆண்கள் அல்ல. அறைக்குள் துடித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள்.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. ஐடா ஓர் ஆளை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று அவன் வந்து சொன்னான்.

ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்தாள். தான் அமெரிக்காவுக்குத் திரும்பப் போவது உண்மை. ஆனால் அங்கே தங்க அல்ல, டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே வருவதற்கு என்று பெற்றோரிடம் சொன்னாள்.

புதுச்சேரியில் எப்படி?

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்கு 40 கிலோ மீட்டருக்கும் குறைவுதான். அன்று அது பிரிட்டிஷ் சீமை. இது பிரெஞ்சு சீமை. நடுவே சுங்கச்சாவடி உண்டு. ஆனால் வழக்கத்துக்குச் சுங்கச்சாவடி ஏது? இரு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே உறவு, ஒரே கட்டுப்பாடு.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி ஏற்படுத்தினார்கள். இன்றைய ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அதுதான் வேர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ம் ஆண்டில் முதன்முதலாக 4 பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே வைத்தியம் என்பது நாட்டில் இல்லாமல் இல்லை. பெண் டாக்டரும் அடியோடு இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த ஒரு சிலர் பட்டணத்தில் இருந்தார்கள். பெண்கள் கிராமத்தில் இருந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தாலும், ரத்தம் நிற்காமல் போனாலும், ஜன்னி கண்டாலும், வீட்டு மருத்துவச்சிதான் கதி. அவளுக்குத் தெரிந்தது அவள் தாயார் சொல்லிக் கொடுத்தது மட்டும். சுத்தம் செய்யாத கையாலும் கத்தியாலும் எத்தனையோ தாய்மார்களுக்கு விஷம் ஏறியது.

இதோடு பால்ய விவாகம் வேறு. உடம்பு முற்றாத வயதில் பிள்ளை. இடுப்பு எலும்பு விரியாத சிறுமிக்குப் பிரசவம் சிக்கலாவதில் வியப்பு என்ன? பெண்ணின் கலியாண வயது 14 என்று சட்டம் வந்ததே 1929-ம் ஆண்டில்தான்!

ஒரு கட்டில் ஆஸ்பத்திரி

ஐடா 1895-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய காலம் அது. 1899-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பெண் டாக்டர் என்றால் அமெரிக்காவிலும் அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பெண்ணுக்குத் தடை போடுவதில் கிழக்கு, மேற்கு என்ற பேதம் இல்லை!

புறப்படும் முன் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார். நியூயார்க் நகரத்துப் பாங்க் முதலாளி ஒருவர், ஷெல் என்று பெயர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டுப் பிறப்பின்போது ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தில் இடி விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் அப்பா புற்று நோயால் காலமானார்.

துணைக்கு டாக்டர் இல்லை. பழகிய நர்சு இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடமும் இன்னும் எழும்பவில்லை. இளம் பெண், அதிலும் அனுபவம் இல்லாதவர். நோயாளிகள் தயங்கினார்கள். ஐடா கலங்கவில்லை. வீட்டிலேயே ஒரு சிறு அறையை மருந்தகம் ஆக்கினார். நோயாளி படுக்க ஒரே ஒரு கட்டில்.

மெல்ல மெல்லப் பெண்கள் வந்தார்கள். முதலில் ஒருத்தி. அவள் சொல்லி இன்னொருத்தி. இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகளைப் பார்த்துவிட்டார்! 1902-ம் ஆண்டில் 40 படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்றும் ஷெல் கண் ஆஸ்பத்திரி நடக்கிறது.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்களை ஐடா பார்த்தார். வராதவர்கள்?

கிராமத்துப் பெண் தானாகப் புறப்பட்டு வேலூர் வர முடியுமா? வண்டி பூட்ட வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். மாமியார் அனுமதி வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அடுப்பு யார் பார்ப்பது? மாட்டை யார் கட்டுவது? இத்தனை கேள்விக்கும் பதில் கிடைப்பதற்குள் நோய் முற்றிவிடும்.

ஆகவே ஐடாவே கிராமத்துக்குப் போனார். முதலில் மாட்டு வண்டியில். 1909-ம் ஆண்டில் ஒரு சிறிய மோட்டார் கார் வந்தது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி மட்டும் தடதடவென்று ஓடி வருகிறது! பேய் வருகிறது என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம். அந்தப் பேயில் இருந்து இறங்கி வந்து மருந்து கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அடுத்த தடவை சாலை ஓரத்தில் காத்து நின்றார்கள்.

மரத்தடிதான் ஆஸ்பத்திரி. புண்ணைக் கழுவிக் கட்டுவார். பல் பிடுங்குவார். கண்ணுக்கு மருந்து விடுவார். குழந்தையைத் தூக்கிப் பார்ப்பார். ஐடாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். பெண்கள் வாய் திறந்து தங்கள் உடம்பைப் பற்றிச் சொன்னார்கள். புருஷனிடமும் சொல்லாத நோவை எல்லாம் அந்த மரத்தடியில் சொன்னார்கள். தங்களைக் கேட்க ஒருவர் வந்திருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பாதி மருந்து.

பெண்கள் படிப்பார்களா?

ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இரவும் பகலும் உழைத்தாலும் இரண்டு கைதானே! திண்டிவனத்தில் மூன்று பெண்கள் இறந்தது ஐடா ஒருத்தி டாக்டர் அல்ல என்பதால் மட்டும் அல்ல. அந்த வட்டாரத்தில் கூப்பிட்ட நேரத்துக்கு வரப் பெண் டாக்டரே இல்லை என்பதால்தான். இந்த நாட்டுப் பெண்களே டாக்டர் ஆகவேண்டும் என்று ஐடா முடிவு செய்தார்.

முதலில் 1909-ம் ஆண்டில் நர்சுப் பள்ளி தொடங்கினார். நர்சு வேலை என்றால் அந்தக் காலத்தில் இழிவாக நினைத்தார்கள். அன்னியர் உடம்பைத் தொடுவதா, ரத்தத்தைத் துடைப்பதா என்று பெற்றோர் பெண்களை அனுப்ப மறுத்தார்கள். வந்த சிலரை வைத்துக்கொண்டு ஐடா தொடங்கினார். கையில் சம்பளம் வாங்கி, தலை நிமிர்ந்து வாழும் நர்சுகளைப் பார்த்த பிறகு ஊர்ப் பேச்சு அடங்கியது.

அடுத்தது டாக்டர் பள்ளி. அதற்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். சென்னை ராஜதானியின் மருத்துவ இலாகா மேலதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. இந்தப் படிப்புக்கு எந்தப் பெண் வரப் போகிறாள் என்று கேட்டார். ஆனால் மனுக்கள் வந்து குவிந்தன. இடம் இல்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று!

1918-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வேலூரில் பெண்கள் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெரிய கட்டடம் இல்லை. வசதி இல்லை. சொல்லிக் கொடுக்க ஆள் குறைவு. ஐடாவே பாடம் நடத்தினார். அறுவைச் சிகிச்சையும் செய்தார். வீடு வீடாகவும் போனார்.

ராஜதானிப் பரீட்சை வந்தது. ஆண்கள் படித்த மருத்துவப் பள்ளிகளும் அதே பரீட்சையைத்தான் எழுதின. பெண்கள் தோற்றுப் போவார்கள் என்றுதான் பலரும் எண்ணினார்கள். முடிவு வந்தது. ஆண்கள் பள்ளிகளைவிட வேலூர்ப் பெண்களே மேலாகத் தேறியிருந்தார்கள்! 1922-ம் ஆண்டில் முதல் தொகுதியில் 14 பெண்கள் டாக்டராக வெளியே வந்தார்கள்.

14 பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் 14 ஊர்களில் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், எழுந்து போக ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசிச் சோதனை

ஐடா அம்மையாருக்கு வயதானது. அப்போது ஒரு பெரிய சோதனை வந்தது. பழைய மருத்துவப் படிப்பு போதாது, எம்.பி.பி.எஸ். படிப்பாக உயர்த்த வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். அதிகப் பேராசிரியர்கள் வேண்டும். ஏராளமான பணம் வேண்டும். இல்லை என்றால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

70 வயதைக் கடந்த அம்மையார் அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகச் சென்று பணம் கேட்டார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் உதவி அதிகம் கிடைக்கும் என்றார்கள் சிலர். பெண்களுக்கென்று ஏற்பட்ட இடத்தை விட்டுக் கொடுக்கலாமா என்று சண்டை பிடித்தார்கள் வேறு சிலர். இத்தனை காலம் உடன் உழைத்த தோழிகளே இரண்டு பட்டார்கள்.

அம்மையார் யோசித்தார். பள்ளி அழிந்தால் பெண்களுக்கும் இல்லை, ஆண்களுக்கும் இல்லை. கதவைத் திறப்பதே மேல் என்று முடிவு செய்தார். கல்லூரி பிழைத்தது. 1942-ம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-ம் ஆண்டில் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். மற்ற இடங்களில் ஆண்கள் படித்த கல்லூரியில் பெண்கள் இடம் கேட்டார்கள். வேலூரில் பெண்கள் படித்த கல்லூரியில் ஆண்கள் இடம் கேட்டு வந்தார்கள்!

அம்மையாருக்குப் பின் அந்த நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர் டாக்டர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தில் பிறந்த இந்தியப் பெண். அம்மையார் விரும்பியதும் அதுதானே! வேலூரில் படித்த இன்னொரு பெண் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ம் ஆண்டில் கார் விபத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். அப்படியும் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்.

ஐடா அம்மையார் கலியாணம் செய்துகொள்ளவில்லை. 1946-ம் ஆண்டில் பொறுப்பில் இருந்து விலகி, கோடைக்கானலில் வசித்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம்கூட அவருக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். 1960-ம் ஆண்டு மே மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 89. 2000-ம் ஆண்டில் இந்திய அரசு அவர் உண்டாக்கிய வேலூர் நிலையத்துக்காகத் தபால் தலை வெளியிட்டது.

இன்னும் மூடிய கதவு

இன்று புதுச்சேரியில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பிரசவத்தில் தாய் இறப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த மூன்று கணவர்களுக்குக் கிடைக்காத உதவி நம் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா?

2019-ம் ஆண்டு முதல் 2021-ம் ஆண்டு வரை அரசாங்கம் நாடு முழுவதும் ஒரு குடும்ப நலக் கணக்கு எடுத்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில், நூறு ஆண்களில் 25 பேருக்கு ரத்த சோகை. நூறு பெண்களில் 57 பேருக்கு ரத்த சோகை! ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒரே சோறு. பின் ஏன் இந்த வித்தியாசம்?

மாதந்தோறும் பெண்ணின் உடம்பில் இருந்து ரத்தம் போகிறது. பிள்ளை உண்டானால் அதற்கும் அவள் உடம்பில் இருந்தே ரத்தம் ஊற வேண்டும். ஆகவே அவளுக்குத்தான் கீரையும் பயறும் முட்டையும் மீனும் அதிகம் வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அவள் உட்காருகிறாள். சட்டியில் ஒட்டியிருப்பது அவள் பங்கு.

பாகூர்ப் பக்கம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, சேற்றில் இறங்கி நாள் முழுவதும் குனிந்து நடவு நடும் பெண்கள் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அடுப்பு. தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, இடுப்பு விட்டுப் போகிறது என்றால், பெண் பிறவிக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவளும் அப்படியே நம்பிவிடுகிறாள். அறுப்பு முடியட்டும், திருவிழா போகட்டும், மகள் கலியாணம் ஆகட்டும் என்று தன் நோயைத் தள்ளிப் போடுகிறாள். வீட்டு ஆண்பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் யாராவது அப்படித் தள்ளிப் போடுகிறார்களா?

அன்று வீட்டுக்குள் டாக்டரை விடாமல் தடுத்தது வழக்கம். இன்று வீட்டில் இருந்து பெண்ணை டாக்டரிடம் போகவிடாமல் தடுப்பதும் வழக்கம்தான். முன்னது கண்ணுக்குத் தெரிந்தது. பின்னது தெரியவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்துப் பார்க்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை இனாமாகக் கொடுக்கிறார்கள். இரும்புச் சத்துக் குறைவால் வந்த சோகை என்றால், அதை வாங்கிச் சாப்பிட்டால் பெரும்பாலும் தீரும். ஆனால் அங்கே போய்வர அவளுக்கு அரை நாள் ஓய்வு வேண்டும். அந்த அரை நாள் அடுப்பை வீட்டில் உள்ள மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சட்டம் வேண்டியதில்லை. பணமும் வேண்டியதில்லை. இன்று இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவளுக்கும் ஒரு முட்டை வையுங்கள். நாளைக் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளைக் கேளுங்கள். அவள் சொல்வதை முழுவதும் கேளுங்கள்!